துண்டு யாருக்கு?

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் 'துண்டு' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. எதை வாங்கப் போனாலும், எதற்கு அனுமதி கேட்டாலும், யாராவது எழுதித் தந்த ஒரு துண்டு கையில் இருக்கணும். ஆனால் எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் பாரமான ஓர் அர்த்தம் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், பழைய தோட்டத்துத் துரை எழுதித் தரும் துண்டு வேணும். 'இந்தக் கங்காணியும் இவருடைய ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம்' என்பதுதான் அதில் இருந்த விசயம். புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டும். ஆட்களோடு சேர்ந்து கடனும் அடுத்த மலைக்கு ஏறும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

அதாவது, அடுத்த வேலைக்குப் போகிற ஒருவர் பழைய இடத்தில் என்ன பாக்கி வைத்திருக்கிறார் என்று காகிதத்தில் காட்டியே ஆகணும் என்ற விதி நூறு வருடத்துக்கு முன்னமே இந்த மலைகளில் இருந்தது. ஆனால் அது கூடை சுமந்தவர்களுக்கு மட்டும்தான். அந்தக் காணியை அளந்தவர், விற்றவர், குத்தகைக்குக் கொடுத்தவர் யாருக்கும் அப்படி ஒரு துண்டு தேவைப்படவில்லை. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

துண்டு முறை திரும்ப வரணும் என்று யாரும் கேட்கவில்லை. அது அடிமை முறை. நாங்கள் கேட்பது வேறு. அரச அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் நாளைக்கு யாரிடம் வேலைக்குப் போகப் போகிறார் என்பதை இன்றைக்கே சொல்ல வேண்டும். அவருடைய கையெழுத்தில்தான் எங்கள் காணியும் சம்பளமும் வீடும் தங்கியிருக்கின்றன. ஆகவே இது கொழும்பில் மட்டும் பேச வேண்டிய விசயம் இல்லை.

காசு கைமாறாத இலஞ்சம்

ஒரு கற்பனை உதாரணம் எடுப்போம். ஓர் அமைச்சில் ஓர் உயர் உத்தியோகத்தர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். அவருடைய மேசையில் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் ஃபைல். தோட்டக் காணியின் ஒரு பகுதியை ஹோட்டல் கட்ட உபகுத்தகைக்குக் கொடுக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு கல்யாண வீட்டில் அந்தக் கம்பனியின் பணிப்பாளர் அவரைச் சந்திக்கிறார். "சேர், ரிட்டயர் ஆன பிறகு சும்மா இருக்காதீங்க. எங்கட போர்ட்டுக்கு வாங்க. உங்கட அனுபவம் எங்களுக்கு வேணும்." அவ்வளவுதான். ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு சதம் கைமாறவில்லை.

அடுத்த வாரம் அந்த ஃபைலை அவர் எந்த மனதோடு திறப்பார்? அவர் நல்லவராகவே இருக்கலாம். கம்பனியின் கோரிக்கையும் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அவர் கொடுத்த தீர்ப்பு நேர்மையானதா என்று எங்களுக்குத் தெரிய வழி இல்லை. ஏன், அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. நாளைக்கு உட்காரப் போகிற கதிரையை நினைத்துக்கொண்டு யாரும் தெரிந்தே அநியாயம் செய்ய வேண்டியதில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் போதும்.

இதைப் பிடிக்க இலஞ்சச் சட்டம் மட்டும் போதாது. இலஞ்சம் என்றால் கொடுத்தவர், வாங்கினவர், காசு, அதற்குப் பதிலாகச் செய்த காரியம் என்று கண்ணிகளைக் கோர்த்துக் காட்டணும். இங்கே காசு வருவது பல மாதம் கழித்து, சம்பளம் என்ற பெயரில், வரியும் கட்டி. 'பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன்' என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

மலைநாடு தொடங்கினதே இப்படித்தான்

இது புதுக்கதை இல்லை. தேயிலைக்கு முன்னால் கோப்பி இருந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோப்பித் தோட்டங்களின் முதல் முதலாளிகளில் பலர் யார் தெரியுமா? அந்தக் காலத்து அரச உத்தியோகத்தர்கள்.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820-களில் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் போட்டார். அவருடைய ஆட்சியில்தான் கோப்பிச் செய்கைக்கு வரிச் சலுகைகளும் வந்தன. பிறகு 1840-இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உரித்தைக் காட்ட முடியாத காடு, தரிசு, சேனைக் காணிகள் எல்லாம் முடிக்குரியவை என்று கருதப்படும் என்றது அந்தச் சட்டம். கண்டிய விவசாயிகளிடம் காகித உறுதி எங்கே இருந்தது? காணி முடிக்குப் போனது. முடியிடமிருந்து மலிவு விலைக்கு வாங்க வரிசையில் நின்றவர்களைப் பாருங்கள். ஆளுநர் ஸ்டுவர்ட் மெக்கன்சி, நில அளவையாளர் நாயகம் நொரிஸ், வீதிகளுக்குப் பொறுப்பான தோமஸ் ஸ்கின்னர், மகாவம்சத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே ஜோர்ஜ் டேர்னர். இவர்களோடு அரசாங்க அதிபர்கள், நீதிபதிகள், இராணுவத் தளபதி.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று யோசிக்கணும். சட்டம் போடுகிறவர், காணியை அளக்கிறவர், எந்தப் பக்கம் பாதை போகும் என்று முடிவெடுக்கிறவர், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிறவர் என்று எல்லோருமே வாங்குகிறவர்களாக இருந்தார்கள். கடைசியில் இலண்டனுக்கே இது தாங்கவில்லை. 1840-களின் நடுப்பகுதியில் குடியேற்ற அலுவலகம் தலையிட்டு, சிவில் சேவையில் இருப்பவர்கள் தோட்டம், வியாபாரம் செய்யக் கூடாது என்று தடை போட்டது. உத்தியோகமா தோட்டமா, ஒன்றைத் தெரிவு செய் என்றார்கள்.

அந்தத் தடை வந்தது காணி இழந்த கண்டிய விவசாயிகள் மேலே இருந்த அன்பினால் இல்லை. துரைமார் தோட்டத்துக்கு ஓடினால் கச்சேரி வேலையைப் பார்க்க ஆள் இல்லை என்ற கவலைதான் பெரிது. என்றாலும் ஒரு விசயத்தை ஏகாதிபத்தியமே ஒத்துக்கொண்டது: முடிவெடுக்கிறவரும் முடிவால் லாபம் அடைகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவர்கள் மூடின கதவு, பதவியில் இருக்கும்போதே சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்பது. பதவி முடிந்த மறுநாள் தோட்டக் கம்பனிக்குப் போகிற கதவு திறந்தபடியே இருந்துவிட்டது.

இன்றைக்கு யாருடைய மேசையில் என்ன இருக்கிறது?

1972-இலும் 1975-இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் ஜனவசமவும் (மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை) அவற்றை நடத்தின. நட்டம் ஏறினதும், 1992-இல் 22 பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளை உருவாக்கி, நிர்வாகத்தைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். 1990-களின் நடுவில் பெரும்பான்மைப் பங்குகளையும் விற்றார்கள். ஆனால் காணி விற்கப்படவில்லை. அது இன்னும் அரசுக்குச் சொந்தம். கம்பனிகளிடம் இருப்பது 53 வருடக் குத்தகை. அது முடிவது 2045-இல்.

அரசு தன் கையில் இன்னொன்றையும் வைத்துக்கொண்டது. ஒவ்வொரு கம்பனியிலும் 'தங்கப் பங்கு' என்று ஒரே ஒரு பங்கு. அது திறைசேரிச் செயலாளரின் பெயரில் இருக்கிறது. ஒரு பங்குதானே என்று நினைக்காதீர்கள். தோட்டக் காணியை உபகுத்தகைக்குக் கொடுப்பதென்றால் இந்தப் பங்குக்காரரின் எழுத்துமூல அனுமதி வேணும். கம்பனியின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் அதற்கு உரிமை இருக்கிறது. பொதுமக்கள் சார்பில் தோட்டத்துக்குள் எட்டிப் பார்க்கிற ஒரே யன்னல் என்று இதைச் சொல்லலாம். அந்த யன்னலில் நிற்பவர் ஓர் அரச உத்தியோகத்தர்.

வீட்டுக் காணியை எடுங்கள். 7 பேர்ச்சஸ் வீட்டுத் திட்டம் வந்தது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அடிக்கல் நடும் படங்களை எத்தனையோ பார்த்துவிட்டோம். ஆனால் வீடு கட்ட முதலில் காணி வேணும். காணி குத்தகையில் இருக்கிறது. ஆகவே கம்பனி அதை விடுவிக்கணும். எந்தக் காணியை விடுவது, விளைச்சல் இல்லாத சரிவையா, பாதையோரச் சமதரையையா என்ற பேச்சுவார்த்தையில் எங்கள் பக்கம் பேச வேண்டியவர்கள் அமைச்சு, அதிகார சபை, பிரதேச செயலக உத்தியோகத்தர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு இது யாருக்கு எந்த மூலையில் வீடு என்ற கேள்வியைத் தாண்டிவிட்டது. எந்தச் சரிவில் குடும்பத்தைக் குடிவைக்கிறோம் என்பது இப்போது உயிர்ப் பிரச்சினை.

சம்பளமும் அப்படித்தான். சம்பள நிர்ணய சபையில் முதலாளிமார் தரப்பு, தொழிலாளர் தரப்பு, இவர்களோடு அரசின் சார்பில் நியமிக்கப்படும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் எதிரெதிராக நின்றால் மூன்றாவது தரப்பின் கைதான் முடிவைத் தீர்மானிக்கும். 2021-இல் நாள் சம்பளம் 1,000 ரூபாவானது இந்தச் சபையின் வழியாகத்தான். கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகி நீதிமன்றம் வரை போனார்கள். அவ்வளவு பெறுமதியான ஒரு கை அது.

இந்த மேசைகளில் இருக்கிற எல்லோரும் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒருவர் பேரையும் நாங்கள் குற்றம் சாட்டவில்லை. எங்கள் கேள்வி எளிது. இவர்களில் யாராவது ஓய்வு பெற்று, தாங்கள் கண்காணித்த கம்பனியிலேயே ஆலோசகராகவோ பணிப்பாளராகவோ சேர்ந்தால், அந்தப் பேச்சு எப்போது தொடங்கினது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகளின் வருடாந்த அறிக்கைகளை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பணிப்பாளர்களின் அறிமுகக் குறிப்புகளை வாசித்துப் பாருங்கள். முன்னாள் பதவிகள் அங்கே பெருமையாக எழுதப்பட்டிருக்கும். அதில் பிழை இல்லை. ஆனால் முதல் அழைப்பு வந்த தேதி எந்த அறிக்கையிலும் இருக்காது.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

அமெரிக்காவில் டார்லீன் ட்ரூயன் என்றொரு அம்மா. விமானப்படையின் கொள்வனவில் மிகப் பெரிய அதிகாரி. போயிங் கம்பனியிடமிருந்து எரிபொருள் நிரப்பும் விமானங்களை எடுக்கிற பேரத்தை அரசு சார்பில் பேசினார். அதே காலத்தில், 2002-இல், அதே போயிங்கில் தனக்கு வேலையும் பேசினார். அவருடைய மகளுக்கும் மருமகனுக்கும் அங்கே ஏற்கெனவே வேலை கிடைத்திருந்தது. 2003 ஜனவரியில் வருடம் 250,000 டொலர் சம்பளத்தில் சேர்ந்தார். விசயம் வெளியே வந்தது. பேரத்தில் அதிக விலைக்கு ஒத்துக்கொண்டது போயிங்குக்குத் தான் கொடுத்த பிரியாவிடைப் பரிசு மாதிரி என்று கடைசியில் அவரே ஒத்துக்கொண்டார். 2004-இல் 9 மாதச் சிறை. அவரை வேலைக்கு எடுத்த போயிங்கின் நிதித் தலைவர் மைக்கல் சியர்ஸும் சிறைக்குப் போனார்.

2012-இல் அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது. சொத்து விபரத்தைப் பகிரங்கமாகக் கொடுக்க வேண்டிய உயர் அதிகாரிகள், ஒரு தனியார் நிறுவனத்தோடு எதிர்கால வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கணும். அந்த நிறுவனம் சம்பந்தப்பட்ட வேலைகளிலிருந்து விலகி நிற்கணும். விதி அவ்வளவுதான். வேலைக்குப் போகாதே என்று அது சொல்லவில்லை. போவதென்றால் சொல்லிவிட்டுப் போ என்கிறது.

பிரிட்டனில் வேறு பாடம். பில் குரோதர்ஸ் என்பவர் அரசின் கொள்வனவுத் தலைவராக இருந்தபோதே, 2015-இல், கிரீன்சில் என்ற நிதிக் கம்பனியில் பகுதிநேரமாகச் சேர்ந்தார். அதற்கு உள்ளே அனுமதியும் இருந்தது. நாட்டுக்கு விசயம் தெரிய 2021 ஆகிவிட்டது. முன்னாள் அமைச்சர்கள், அதிகாரிகளின் புது வேலைகளைப் பார்க்க அங்கே ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. அதனால் ஆலோசனை சொல்ல மட்டும்தான் முடியும், தண்டிக்க முடியாது. பல் இல்லாத நாய் என்று எல்லோரும் திட்டித் திட்டி, 2025 ஒக்டோபரில் அதை மூடியே விட்டார்கள். இந்தியாவில் மத்திய அரசின் உயர் நிலை அதிகாரிகள் ஓய்வு பெற்ற ஒரு வருடத்துக்குள் வர்த்தக நிறுவனத்தில் சேர்வதென்றால் அரசின் முன் அனுமதி வேணும்.

இவற்றிலிருந்து இரண்டு விசயம் தெளிவு. உள்ளுக்குள்ளே சொல்வது போதாது, வெளியே தெரியணும். சொல்லாவிட்டால் ஏதாவது நடக்கணும்.

நம்ம நாட்டில்?

நலமுரண் என்ற சொல்லை எங்கள் தலைமுறை படித்தது மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில்தான். 2015 பெப்ரவரி 27 ஏலம், ஆளுநரின் மருமகனோடு தொடர்புபட்ட முதன்மை வணிகர் நிறுவனம், பிறகு ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு. அந்தப் பாடம் வீணாகவில்லை. 2023-இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்து, அந்த வருடம் செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய இலஞ்சச் சட்டத்தையும் 1975-இன் சொத்துப் பிரகடனச் சட்டத்தையும் நீக்கிவிட்டு வந்த சட்டம் இது. நலமுரணை ஒரு குற்றமாகவே அது எழுதியிருக்கிறது. சொத்து விபரங்களைப் பொதுமக்கள் பார்க்கவும் வழி திறந்தது. இது பெரிய முன்னேற்றம். மறுக்கவில்லை.

ஆனால் சொத்துப் பிரகடனம் அடிப்படையில் கேட்பது உன்னிடம் என்ன இருக்கிறது என்று. வீடு, காணி, வாகனம், பங்கு, நகை, கடன். நாளைக்கு வரப்போகிற கதிரை இந்த வகைகளுக்குள் அடங்காது. அது இன்னும் சொத்து ஆகவில்லை. வெறும் வாக்குத்தான். வேலைப் பேச்சு தொடங்கினால் இத்தனை நாளுக்குள் சொல் என்கிற அந்த மூன்று நாள் விதி மாதிரி ஒன்று நம் சட்டத்தில் இல்லை. ஐக்கிய நாடுகளின் ஊழலுக்கு எதிரான சமவாயத்தின் 12ஆவது உறுப்புரை, அரச பதவியை விட்டுப் போகிறவர்கள் தாங்கள் மேற்பார்வை செய்த துறையில் உடனே வேலைக்குச் சேர்வதை நியாயமான காலத்துக்குக் கட்டுப்படுத்துவதைப் பற்றிப் பேசுகிறது. இலங்கை அந்தச் சமவாயத்தை 2004-இலேயே ஏற்றுக்கொண்டது. இருபது வருடத்துக்கு மேலே ஆகிறது.

சங்கத்தையும் கேட்கணும்

கம்பனியையும் உத்தியோகத்தரையும் மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நேர்மை இல்லை. மலையகத்தில் தொழிற்சங்கம், கட்சி, அமைச்சு மூன்றும் ஒரே வீட்டின் மூன்று அறைகள் மாதிரி. 1978-இல் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரானபோது தோட்டங்கள் அரசின் கையில் இருந்தன. அதாவது முதலாளி அரசாங்கம். தொழிலாளர்களின் மிகப் பெரிய சங்கத்தின் தலைவர் அதே அரசாங்கத்தின் அமைச்சரவையில்.

இதில் நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1984 வேலைநிறுத்தத்தோடு பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமமான நாள் சம்பளம் வந்தது. 1988-இலும் 2003-இலும் வந்த பிரஜாவுரிமைச் சட்டங்களுக்குப் பின்னால் அந்த அரசியல் பேரம் இருந்தது. அமைச்சரவைக்குள் ஓர் ஆள் இருந்ததால் திறந்த கதவுகள் பல. ஆனால் அந்தக் காலத்திலிருந்து ஒரு பழக்கமும் எங்களிடம் ஒட்டிக்கொண்டது. தலைவர் எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பேசுகிறார் என்று கேட்பதையே நாங்கள் விட்டுவிட்டோம். சம்பளப் பேச்சுவார்த்தையில் எங்கள் சந்தாவுக்காகப் பேசுகிறாரா? அடுத்த அமைச்சரவை மாற்றத்தை நினைத்துப் பேசுகிறாரா? அமைச்சுப் பதவியும் ஒரு எதிர்கால வேலைதானே?

பழைய சொத்துப் பிரகடனச் சட்டம் திருத்தப்பட்டபோது தொழிற்சங்க நிர்வாகிகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். காரணம் இருந்தது. மற்றவர்களின் சார்பில் பேரம் பேசுகிறவர் பதவிக்குப் பெயர் எதுவாக இருந்தாலும் கணக்குக் காட்டணும். எதிர்கால வேலை பற்றின விதி வந்தாலும் அது சங்கத் தலைமைகளுக்கும், அரச சபைகளில் சங்கம் சார்பில் உட்காருகிறவர்களுக்கும் பொருந்தணும்.

"இதெல்லாம் ஓவர்" என்கிறவர்களுக்கு

நண்பர்களோடு பேசும்போது மூன்று பதில்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது: அனுபவம் வீணாகும். முப்பது வருடம் பெருந்தோட்டத் துறையைப் படித்தவர் ஓய்வு பெற்ற பிறகு வேறு எங்கே போவார்? நியாயமான கேள்வி. ஆகவேதான் நாங்கள் வாழ்நாள் தடை கேட்கவில்லை. பேச்சுத் தொடங்கினால் சொல்லணும், அந்தக் கம்பனியின் ஃபைல்களிலிருந்து விலகணும், தான் நேரடியாக முடிவெடுத்த கம்பனி என்றால் ஒரு வருடம் பொறுக்கணும். அனுபவம் ஒரு வருடத்தில் ஆவியாகிவிடாது. ஒரு வருடத்தில் ஆறிப்போவது அமைச்சில் யாரைக் கூப்பிட்டால் ஃபைல் நகரும் என்கிற தொடர்புதான். கம்பனிக்கு உண்மையில் வேண்டியது அனுபவம் என்றால் காத்திருப்பதில் என்ன கஷ்டம்?

இரண்டாவது: ஓய்வூதியம் போதாது, பாவம் அரச ஊழியர்கள். இந்த விதி தபால் ஊழியருக்கோ, ஆசிரியருக்கோ, எழுதுவினைஞருக்கோ இல்லை. ரிட்டயர் ஆனபிறகு ஹட்டன் டவுனில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போகிறவரை யாரும் கேட்கப் போவதில்லை. அனுமதி கொடுக்க, மறுக்க, விலை குறிக்க, குத்தகை நீடிக்க அதிகாரம் உள்ள நிலைக்கு மட்டும்தான் இது.

மூன்றாவது பதில்தான் எங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. "எங்கட பிள்ளைகள் இப்பதான் அந்தக் கதிரைகளுக்கு வாறாங்க. இத்தனை காலம் மற்றவன் அனுபவிச்சான். நம்ம ஆள் வாற நேரம் பார்த்து விதி போடச் சொல்றீங்களா?" இந்தக் கோபத்தில் வலி இருக்கிறது. லயத்திலிருந்து படித்து, நிர்வாக சேவைப் பரீட்சையில் பாஸ் பண்ணி, ஒரு செயலாளர் பதவி வரைக்கும் போவது எவ்வளவு அபூர்வம் என்று எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவரை ஒரு கம்பனி பணிப்பாளர் சபைக்கு அழைத்தால் ஊரே பெருமைப்படும். முன்பு துரை பங்களாவின் வாசலுக்கு அப்பால் நின்ற சமூகம் இல்லையா?

ஆனால் யோசித்துப் பாருங்கள். விதி இல்லாத இடத்தில் முதலில் சந்தேகப்படுவது யாரை? நம்ம ஆளைத்தான். ஒரு மலையகத் தமிழ் உத்தியோகத்தர் ஓய்வுக்குப் பிறகு கம்பனிக்குப் போனால் "விலை போயிட்டான்" என்று பேச ஒரு நிமிடம் போதும். அவர் நேர்மையாகவே இருந்திருந்தாலும் அதைக் காட்ட அவரிடம் ஒரு காகிதம் இல்லை. பேச்சுத் தொடங்கின தேதி, விலகின ஃபைல்கள், பொறுத்திருந்த காலம் என்று எல்லாம் பதிவில் இருந்தால் அவர் தலை நிமிர்ந்து போகலாம். விதி அவருக்கும் பாதுகாப்பு.

நாங்கள் கேட்பது

வேலைப் பேச்சுத் தொடங்கின மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கணும். அந்த நிறுவனம் சம்பந்தப்பட்ட எல்லா முடிவுகளிலிருந்தும் உடனே விலகணும். நேரடியாக மேற்பார்வை செய்த நிறுவனத்தில் சேர ஒரு வருட இடைவெளி வேணும். இந்தப் பதிவேடு சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இணையத்தில் திறந்திருக்கணும். அமைச்சர்கள், அவர்களின் ஆலோசகர்கள், சம்பள நிர்ணய சபையின் நியமன உறுப்பினர்கள், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் போன்ற முத்தரப்பு அமைப்புகளில் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தணும். வேலைக்கு எடுக்கிற கம்பனிக்கும் அதை அறிவிக்கிற கடமை இருக்கணும். மீறினால் அபராதம், பதவி இழப்பு என்று ஏதாவது நடக்கணும். ஆலோசனைக் கடிதத்தோடு நிற்கக் கூடாது.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 2016-இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லணும். எந்தத் தோட்டத்தில் எவ்வளவு காணிக்கு உபகுத்தகை அனுமதி கொடுக்கப்பட்டது, யார் கையெழுத்திட்டது, எந்தத் தேதி என்று அமைச்சிடம் கேட்கலாம். அந்தப் பட்டியலை ஒரு பக்கமும், கம்பனிகளின் வருடாந்த அறிக்கைகளை மறுபக்கமும் வைத்து வாசிக்கலாம். இதற்குச் சட்டத்தரணியாக இருக்கத் தேவையில்லை. கலைப்பீடத்தில் நாங்கள் செய்கிற ஒரு ஒப்படையின் அளவு வேலைதான்.

அவசரம் எதற்கு? 2045 தூரமாகத் தெரியலாம். ஆனால் குத்தகை நீடிப்பு 2045-இல் முடிவாகப் போவதில்லை. தேயிலையை மறுநடுகை செய்தால் பலன் எடுக்க வருடங்கள் போகும். ஆகவே நீண்டகால உறுதி வேணும் என்று கம்பனிகள் கேட்கும். அது நியாயமான கேள்வியாகவும் இருக்கலாம். தோட்டத்தை யார் நடத்துவது, எத்தனை வருடத்துக்கு, அதில் வாழ்கிற குடும்பங்களுக்கு எவ்வளவு காணி, எந்த உறுதியோடு என்பதெல்லாம் அடுத்த சில வருடங்களில் ஏதோ ஒரு மேசையில் ஒரு ஃபைலாக வரும். 1840-இல் அந்த மேசையில் இருந்தவர்கள் யார் என்று எங்களுக்கு இன்று தெரியும். தெரிந்தது காரியம் எல்லாம் முடிந்த பிறகு.

2045-இல் எங்களுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். இந்தப் பக்கத்தை வாசிக்கிற சிலர் இப்போது நிர்வாக சேவைப் பரீட்சைக்கு உளச்சார்புப் புத்தகம் வைத்துப் படிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்த ஃபைல் வருகிற மேசை எங்களில் ஒருவருடையதாகவே இருக்கலாம். கல்யாண வீட்டில் அந்தக் கதை எங்களிடமே பேசப்படலாம். அன்றைக்கு நாங்கள் எப்படி நடப்போம் என்று இன்றைக்கு நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. ஆகவே அதை எங்கள் நல்ல மனதிடம் விட வேண்டாம், சட்டத்தில் எழுதி வையுங்கள் என்று கேட்கிறோம்.